இரண்டு கட்டிலுக்கு ஒரு மருந்து

ஜலகண்டாபுரத்தில் சௌந்திரம் தெருமுனையில் நின்று பேசினால் மறுமுனையில் தண்ணீர் பிடிப்பவர்களுக்குக் கேட்கும். தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அவள் தொண்டை அப்படி ஆகிவிட்டது. புருஷன் வேலுசாமி அதற்கு நேர்மாறு. நாளெல்லாம் தறியோடு இருப்பார். வாயைத் திறந்தால் சோற்றுக்கும் தண்ணீருக்கும்தான். "எங்க ஊட்டுல ரெண்டு பேரு பேச்சையும் நானே பேசோணும்" என்று சௌந்திரம் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மட்டும் அவள் சத்தமாகப் பேசியதில்லை.

ஊரின் மேற்கு ஓரத்தில் சின்னண்ணன் என்பவர் நூல் வெளுக்கும் பட்டறை வைத்திருந்தார். பழுப்பு நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டிக் கொண்டு வந்து பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் முக்கி, பிறகு ஆசிட் கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயப் போட்டால் கொக்கு போல வெளுத்துவிடும். சௌந்திரம் அங்கே வேலைக்குப் போனாள். கூட வேலை செய்தவர்களில் அவளுக்கு நெருக்கம் அத்தாயி. அத்தாயி அவளைவிடச் சின்னவள். புருஷன் ஆண்டி தோட்டங்களில் கூலி வேலை பார்ப்பவன். இரண்டு பெண் குழந்தைகள். சௌந்திரம் ஓயாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நூலைப் பிழிவது அத்தாயிக்குப் பிடித்திருந்தது. நடுநடுவே குத்தலாக ஒரு வார்த்தை சொல்வாள். சௌந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆண்கள் பாதிப்பேர் வேலைக்கு வரவில்லை. பவுடர் நனைந்துவிடக் கூடாது என்று டிரம்மை உருட்டிப் பின்கட்டு அறைக்குள் வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு ஒரே கதவு. ஆசிட் ஜாடிகளும் அங்கேதான். வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடி ஜாடி. வழக்கமாக இரண்டு ஆண்கள் தூக்குவார்கள். அன்றைக்கு மத்தியானம் ஆள் இல்லாததால் சௌந்திரம் ஒரு பக்கமும் அத்தாயி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். டிரம்முக்கு மேலாகத் தாண்டும்போது ஜாடியின் அடிப்பாகம் கழன்றது. உள்ளே இருந்த ஆசிட் முழுவதும் திறந்து கிடந்த பவுடரில் கொட்டியது.

புகை கிளம்பியதை சௌந்திரம் பார்த்தாள். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். மேலே எழும்பாமல் பாம்பு போலத் தரையோடு தரையாக ஊர்ந்தது. மறுகணம் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய்த் தூளைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. அவள் கதவுப் பக்கம் இருந்ததால் ஒரே எட்டில் வெளியே மழைக்கு வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அத்தாயியைக் காணோம். உள்ளே இருமல் மட்டும் கேட்டது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

யோசித்துச் செய்ததில்லை என்றுதான் சௌந்திரம் பிற்பாடு சொல்வாள். மழையில் நனைந்த முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமல் வந்த திக்கில் குனிந்து துழாவினாள். கையில் அத்தாயியின் சடை அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்து, பிறகு தோளைப் பிடித்து இழுத்து, வாசல் தாண்டி வேப்பமரத்தடிச் சேற்றில் இருவருமாக விழுந்தார்கள்.

ஊர் கூடிவிட்டது. யாரோ மோர் கொண்டு வந்தார்கள். கண்ணைக் கழுவிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் தணிந்தது. அத்தாயி எழுந்து மரத்தில் சாய்ந்துகொண்டு, "அக்கா, உங்க வாயை இன்னிக்கு ஒரு நாளாச்சும் அடைச்சுதே இந்தப் பொகை" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபத்து போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சௌந்திரத்துக்கு மூச்சு முட்டியது. படுத்தால் தண்ணீருக்குள் அமுங்குவது போல இருந்தது. உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி ஒரு சத்தம். இருமினால் நுரை வந்தது. அதில் இளஞ்சிவப்பாக ரத்தம். வேலுசாமி தறியை நிறுத்திவிட்டு ஓடினார். அதே நேரத்தில் ஆண்டியும் எதிரே ஓடி வந்தான். சின்னண்ணன் தன் காரை அனுப்பினார். பின்சீட்டில் இரண்டு பெண்களும் ஒருவர் தலை ஒருவர் தோளில் முட்ட, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டே சேலத்துக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். கையில் ஊசி ஏறியது. அர்த்தநாரி என்ற இளம் டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, வேலுசாமியையும் ஆண்டியையும் நிறுத்திப் பேசினார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

"இங்க பாருங்க. சுடுதண்ணி பட்டா தோலு வெந்து வீங்குதில்லீங்களா? அந்தப் பொகை நெஞ்சுக்குள்ள அதைத்தான் பண்ணியிருக்குது. வீங்கின எடத்துல இருந்து தண்ணி கசிஞ்சு மூச்சு போற எடமெல்லாம் ரொம்பிப் போச்சு. அந்த வீக்கம் வடியோணும்."

"வடியுமுங்களா?" என்று ஆண்டி கேட்டான்.

"ஊசி போட்டிருக்குது. அதுபோக இன்னொரு மருந்து இருக்குதுங்க. மூச்சோட உள்ள இழுக்கறது. ஊசி மருந்து ஒடம்பு பூராச் சுத்தும். இது நேரா புண்ணு மேலயே போயி உக்காரும். ஆஸ்துமாக்காரங்களுக்குன்னு வந்த மருந்து. பொகை குடிச்சவங்களுக்கு ஒண்ணு ரெண்டு பேரு குடுத்துப் பாத்திருக்காங்க. கேக்கும்னு நான் உறுதியாச் சொல்ல முடியாது. குடுக்கட்டுமா?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க பாத்து எது பண்ணுனாலும் சரிங்க" என்றார் வேலுசாமி.

அந்த மருந்து ஒரு சின்ன உலோகக் குப்பியில் இருந்தது. வேறொரு நோயாளிக்காக டாக்டர் மெட்ராஸிலிருந்து வரவழைத்து வைத்திருந்தது. அந்த ஒன்றுதான் கையில் இருந்தது. அமுக்கினால் புஸ்ஸென்று ஆவி வரும். அதே நேரத்தில் ஆழமாக இழுக்க வேண்டும். இழுக்க மூச்சே இல்லாதவர்கள் எப்படி இழுப்பது? டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டுக் குப்பியின் வாயை அதில் சொருகினார். டம்ளரைக் கவிழ்த்து மூக்கையும் வாயையும் மூடிப் பிடித்து, மருந்தை உள்ளே அடித்துவிட்டு, நோயாளி எப்படி முடிகிறதோ அப்படி மூச்சு விடட்டும் என்று விட்டார். நர்ஸ் கந்தம்மாள் அதைக் கற்றுக்கொண்டாள். ஒரு அமுக்கு இந்தக் கட்டிலுக்கு, டம்ளரைக் கழுவி ஒரு அமுக்கு அந்தக் கட்டிலுக்கு. வார்டில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

சௌந்திரத்துக்கு அந்த நேரத்து நினைவுகள் துண்டு துண்டாகத்தான் இருந்தன. டம்ளருக்குள் கசப்பான ஒரு குளிர்ச்சி. மேலே சுற்றும் காற்றாடி. பக்கத்துக் கட்டிலில் அத்தாயியின் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவது. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அத்தாயி டம்ளரைப் பிடிக்க விடவில்லை. முகத்தில் எது பட்டாலும் அடைக்கிறது என்று கையால் தள்ளினாள். கந்தம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். அடித்த மருந்து டம்ளருக்குள் வீணாகப் போகிறதே என்று திரும்பி, அதை அப்படியே சௌந்திரத்தின் முகத்தில் வைத்தாள். சௌந்திரம் இழுத்தாள்.

அன்று பொழுது சாயும்போது அத்தாயி போய்விட்டாள். நடுவில் ஒரு துணித் தடுப்பை இழுத்து மறைத்தார்கள். சௌந்திரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மார்கழி பிறக்கும்போது வேலுசாமி அவளைப் பஸ்ஸில் ஊருக்கு அழைத்து வந்தார். பிழைத்து வந்தவளைப் பார்க்கத் தெரு முழுவதும் வந்தது. சௌந்திரம் பேச வாயெடுத்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "நீ படு சாமி, அப்பறம் பேசிக்கலாம்" என்று போய்விட்டார்கள்.

அந்த வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை என்பது சில நாளில் தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் இருமல். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இருமல். தறியிலிருந்து பறக்கும் பஞ்சு கண்ணுக்குக்கூடத் தெரியாது. அவள் நெஞ்சுக்குத் தெரிந்தது. சாம்பிராணி, பீடி, ஈர விறகு, ஊதுவத்தி என்று மனிதர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று புகைந்துகொண்டே இருக்கிறது. இத்தனை நாள் அவள் அதைக் கவனித்ததே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஓமப் புகை. கோயிலுக்குப் போனால் கற்பூரம். அவள் கிணற்றடியில் முக்காலியைப் போட்டுத் தனியே உட்கார்ந்துகொண்டாள்.

வேலுசாமி குறை சொல்லவில்லை. கொஞ்ச நாள் அவரே சோறாக்கினார். தறியை விட்டு எழுந்து வந்து, பருப்பைக் கருகவிட்டு, அவளுக்குத் தட்டில் போட்டுக் கிணற்றடிக்குக் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு அவருடைய அக்காள் முத்தாயம்மாள் வந்து அடுப்படிப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

இதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. வார்டில் எட்டிப் பார்த்தவர்களில் யாரோ ஒருவர் வழியாக அது வந்திருக்க வேண்டும். ஒரு மருந்துக்கு இரண்டு பேர். அத்தாயியின் பங்கையும் சேர்த்து சௌந்திரம் குடித்துவிட்டாள். அதனால்தான் இவள் இருக்கிறாள், அவள் இல்லை. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்றது. இருமுவதைப் பார்த்து அது டி.பி.தான் என்று குழந்தைகளை விலக்கி அழைத்துப் போனவர்களும் உண்டு. புகைக்குள் திரும்பிப் போனது பற்றி முதல் வாரம் பேசிய ஊர் பிறகு அதைப் பேசவில்லை. சௌந்திரமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஒரு அமுக்கை இழுத்தது உண்மைதானே என்று நினைத்தாள். அதனால் அத்தாயியின் தெருப் பக்கமே போகாமல் இருந்தாள். தூரத்தில் ஆண்டியின் தலை தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

டாக்டர் அவளுக்கென்று ஒரு குப்பி வரவழைத்துக் கொடுத்திருந்தார். காலையிலும் மாலையிலும் அதே டம்ளர் வைத்து இழுக்கச் சொல்லியிருந்தார். இழுத்தால் ஒன்றுமே தெரியாது. தலைவலி மாத்திரை போட்டால் வலி போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பக்கத்துக் கட்டில் வேறு ஞாபகத்துக்கு வந்தது. நிறுத்திவிட்டாள். போகிப் பண்டிகையன்று விடியலில் தெருவெல்லாம் பழம்பாயைக் கொளுத்தினார்கள். அன்று அவளை மறுபடி சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூச்சு சீரான பிறகு அர்த்தநாரி கட்டிலருகே வந்து நின்றார். "மருந்தை நிறுத்திட்டீங்களா?"

"அதுல ஒண்ணும்... தெரியலைங்களே."

"தெரியாதுங்கம்மா. நீங்க கேக்கறது சரிதான். அடிச்ச உடனே மூச்சைத் தொறந்து உடற மருந்து வேற. இது உள்ள இருக்கற புண்ணை ஆத்தற மருந்து. நாள்படத்தான் வேலை செய்யும். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா."

சௌந்திரம் இத்தனை நாள் யாரிடமும் கேட்காததை மூச்சு விட்டு விட்டுக் கேட்டாள். "அப்ப அத்தாயிக்கு... அவ பங்கை... நான் இழுக்காம இருந்திருந்தா... அவ பொழைச்சிருப்பாளுங்களா?"

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாள்படத்தான் வேலை செய்யும்னு இப்பத்தானே சொன்னேன். ஒரு தடவை கூடுனதுனாலயோ கொறைஞ்சதுனாலயோ ஒரு உசுரு போகாதுங்க. அந்தப் பொண்ணு உள்ள கெடந்து குடிச்ச பொகை ரொம்ப. இங்க வரும்போதே பாதிக்கு மேல ரொம்பிப் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே ஊசி, ஒரே ஆக்சிஜன், ஒரே மருந்துதான் குடுத்தேன். ஒருத்தரு போனாங்க, ஒருத்தரு இருக்கறீங்க. உங்களைப் பொழைக்க வெச்சது இந்த மருந்துதானான்னு கேட்டீங்கன்னா, அதுவும் எனக்குத் தெரியாதுங்க. இப்ப உங்களுக்கு இருமலைக் கொறைக்குது. அது மட்டும் தெரியும்."

சௌந்திரம் தலையாட்டினாள். புத்திக்குப் புரிந்தது. மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய் யாரைப் பிடித்து நிறுத்தி இதை எப்படிச் சொல்வது? அவ்வளவு நீளம் பேச அவளுக்கு இப்போது மூச்சு கிடையாது.

அதற்கடுத்த வருஷம் முத்தாயம்மாள் தம்பிக்கு இரண்டாந்தாரமாகப் பெண் பார்த்தாள். ஒருநாள் வேலுசாமி கிணற்றடிக்கு வந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். சௌந்திரமே கேட்டாள். "அக்கா எல்லாம் பேசி முடிச்சுட்டாங்களாட்டம் இருக்குது?"

"நீ வேண்டாம்னா வேண்டாம்."

"பொண்ணு எந்தூருங்க?"

"தாரமங்கலத்துக்குப் பக்கம்."

"கட்டிக்கங்க" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் இங்க இருந்தா அந்தப் புள்ளையும் அடுப்பு பத்த வெக்கப் பயந்துக்கும். என்னை மேட்டூர்ல உட்டுருங்க" என்றாள்.

மேட்டூர் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்னொரு தரம் அங்கே போனபோது அணைத் தண்ணீரின் ஓரத்தில் பெண்கள் திறந்த வெளியில் உட்கார்ந்து மீன்வலை கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். நைலான் நூல், பஞ்சு பறக்காது. காற்று எப்போதும் தண்ணீர்ப் பக்கமிருந்து வீசும். நூலோடு பிழைத்த விரல்களுக்கு முடிச்சு வராமல் போகுமா என்று நினைத்தாள்.

வேலுசாமி அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். மீனவர் குடியிருப்பை ஒட்டி, பெரிய ஜன்னல் உள்ள ஒரு அறையாகத் தேடிப் பிடித்தார். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார். ஜன்னல் கதவு இறுகியிருந்ததைத் தட்டிச் சரிசெய்தார். செய்ய வேறு ஒன்றும் இல்லாமல் போனதும் வாசலில் நின்றார்.

"பஸ்ஸு போயிரப் போகுது" என்றாள் சௌந்திரம்.

"அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்" என்றார். அந்த பஸ்ஸும் போயிற்று. அதற்கடுத்ததில்தான் போனார். ஆரம்பத்தில் மாதம் தவறாமல் வந்து, சேலத்திலிருந்து மருந்துக் குப்பியை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பிறகு அங்கே இரண்டாவதாகக் கட்டியவளுக்குக் குழந்தை பிறந்தது. வருவது நின்றது. சௌந்திரமே சேலத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளப் பழகினாள்.

அவள் அறையில் அடுப்பு இல்லை. ஸ்டவ்வும் இல்லை, மண்ணெண்ணெய் வாடையும் ஆகாது. காலையில் தெருக்கோடி இட்லிக் கடையில் வாங்கிவந்ததை மத்தியானத்துக்கும் வைத்துக்கொள்வாள். ராத்திரிக்கு அதே கடையில் ஏதாவது. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு யாரும் நெருப்புக் கேட்டு வருவதில்லை. குழம்பு கொடுத்து வாங்குவதில்லை. மற்ற வீடுகளில் சாயங்காலம் புகை எழும்பும்போது அவள் தண்ணீர் ஓரமாக இறங்கிப் போய் நின்றுவிடுவாள். மறுபடி ஏறி வரும்போது எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வலை கட்டும் பெண்கள் நல்லவர்கள்தான். பேசிக்கொண்டே கட்டுவார்கள். பேச்சு அவள் பக்கம் திரும்பும்போது அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். சௌந்திரம் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு காலத்தில் அத்தாயி தன் பேச்சை இப்படித்தானே கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொள்வாள்.

எண்பத்துநாலாம் வருஷம் ஆடிப் பெருக்கு. அன்றைக்கு மேட்டூரில் கால் வைக்க இடம் இருக்காது. சேலத்துப் பக்கமிருந்தும் நாமக்கல் பக்கமிருந்தும் லாரி லாரியாக ஜனம் வந்து ஆற்றில் குளித்து, மீன் பொரித்துத் தின்றுவிட்டுப் போகும். பொரிக்கிற புகைக்குப் பயந்து சௌந்திரம் வாசலை விட்டு நகரவில்லை. மடியில் வலையோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்குள் ஒரு தலை தெரிந்தது. ஆண்டி. இரண்டு பக்கமும் இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு அத்தாயியின் முகவாய் அப்படியே இருந்தது.

சௌந்திரம் வலையைப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது.

"அக்கா. நானுங்க, ஆண்டி. ஜலகண்டாபுரம்."

அவள் கதவைத் திறந்தாள்.

"என்னைக் கண்டா ஏனுங்கக்கா ஓடறீங்க? ஊருலயும் அப்புடித்தான் பண்ணுனீங்க."

 "தம்பி" என்றாள். "ஊருல பேசறது... நெசந்தான். அவ வேண்டாம்னு தள்ளுன மருந்தை... நர்சம்மா எனக்கு வெச்சாங்க. நான் இழுத்துப்புட்டேன்."

ஆண்டி குழந்தைகளை வாசலில் உட்காரச் சொன்னான். பிறகு நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு பேசினான். "அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. நர்சம்மாவே அழுதுட்டுச் சொன்னாங்க. டாக்டரையும் போயிக் கேட்டேன். அதுனால ஒண்ணும் ஆகலைன்னாரு. ஊருல பேசுனவங்ககிட்டச் சொல்லியும் பாத்தேன். கேக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது? பொகைக்குள்ள திரும்பிப் போனவங்க நீங்க. நீங்க இழுக்காட்டி அவ அங்கயே முடிஞ்சிருப்பா."

சௌந்திரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கு மட்டும் தெரிந்தது என்று சுமந்துகொண்டிருந்தது அவனுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அவனைக் கண்டு ஒளிந்த சந்துகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"நான் உங்களைத் தேடுனது வேற ஒண்ணு கேக்கறதுக்குங்கக்கா" என்றான் ஆண்டி. குரல் இறங்கியிருந்தது. "பொம்பளைங்க வார்டுன்னு என்னை உள்ள உடலைங்க. வராந்தாவுலயே கெடந்தேன். கடைசீல அவ ஏதாச்சும் சொன்னாளா? பக்கத்துல நீங்கதான இருந்தீங்க?"

சௌந்திரம் அவனைப் பார்த்தாள். பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாகாதா அத்தாயி என்று ஒரு நிமிஷம் தோன்றியது. குழந்தைகளைப் பற்றியோ இவனைப் பற்றியோ ஒரு வார்த்தை. தானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னால்தான் என்ன? அவன் அதைக் காலமெல்லாம் வைத்துக்கொள்வான். ஆனால் வாய் வரவில்லை.

"கன்னுக்குட்டியைக் கேட்டா" என்றாள். "செவலைக் கன்னுக்கு... தண்ணி காட்டியிருப்பாங்களாக்கான்னு... கேட்டா. எனக்கு அப்ப மூச்சே வரலை. பதில் சொல்ல முடியல."

ஆண்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தான். சிரிப்பு எங்கேயோ உடைந்து அழுகையாகிவிட்டது. தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "காட்டுனனுங்க" என்றான் துண்டுக்குள்ளிருந்து. "கார்ல ஏறறதுக்கு முன்னால ஓடிப் போயிக் காட்டிட்டுத்தான் வந்தேன். அவ திட்டுவான்னு தெரியுமுங்க எனக்கு."

வாசலில் சின்னவள் எழுந்து வந்து அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் வலையை எடுத்து முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌந்திரம் அவளைக் கூப்பிட்டு முடிச்சு போடக் காட்டினாள். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கையைப் பிடித்துக் காட்டினாலே போதும். பிறகு நால்வருமாக இட்லிக் கடையில் சாப்பிட்டார்கள். லாரி கிளம்பும் நேரம் வந்ததும் ஆண்டி, "வாரனுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டு போனான்.

அடுத்த ஆடிக்கும் அவர்கள் வந்தார்கள். ஊர்ப் புளி கொண்டு வந்தார்கள். அடுப்பில்லாதவளுக்குப் புளி எதற்கு என்று அப்புறம்தான் ஆண்டிக்கு ஞாபகம் வந்து வெட்கப்பட்டான். சௌந்திரம் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பெரியவள் மூச்சு விடாமல் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். சௌந்திரம் அவ்வளவையும் கேட்டாள்.

அதற்கடுத்த வருஷம் டாக்டர் அர்த்தநாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இந்த மருந்து என்று கேட்டார். தொடர்ந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். எப்படி ஆரம்பித்தது என்று அவர் கேட்கவில்லை. சௌந்திரமும் சொல்லவில்லை. இருமல் முன்போல இல்லை. மேடு ஏறினால்தான் நெஞ்சு அடைக்கும். நின்று நின்று ஏறினால் ஏறிவிடலாம்.

அந்த ஆடிப் பெருக்கன்று அவள் விடிந்ததிலிருந்து வாசலில் இருந்தாள். இரண்டு பெண்களுக்கும் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தாள். கூட்டம் ஏறி, பொங்கி, பொழுது சாயச் சாய வடிந்தது. ஜலகண்டாபுரத்து லாரி ஒன்று வந்து நின்றதைப் பார்த்து எழுந்து போய் விசாரித்தாள். ஆண்டி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனியில் வேலை, பெரிய பெண்ணும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று லாரியில் இருந்த ஒரு பெண் சொன்னாள்.

"நல்லதுங்க" என்றாள் சௌந்திரம்.

தெருவில் புகை அடங்கிய பிறகு இட்லிக் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் இலையை எடுத்துக்கொண்டே, "என்னங்கம்மா, ஆடிக்கு வர்ற ஒறம்பரைச் சனம் ஒருத்தரும் வல்லீங்களா இந்த வருசம்?" என்று கேட்டார்.

"வல்லீங்க."

வழக்கமாகக் கட்டி வாங்கிக்கொண்டு போகிறவள் அன்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்காரர் அடுப்படிப் பக்கத்துத் தட்டியை இழுத்துச் சாத்திவிட்டு இட்லி வைத்தார். அவள் மெதுவாகச் சாப்பிட்டாள்.